கலைஞரும் ஊர்ச் சங்கமும் சேர்ந்து நிதி கேட்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்கான வழிகாட்டி

வெல்லாவெளிப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் கூத்துப் பாட்டு எழுதிய ஏடு இருக்கும், ஆடப் பிள்ளைகள் இருப்பார்கள், மத்தளக்காரர் அடுத்த தெருவிலேயே இருப்பார். பதிவு இலக்கமும் அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும்தான் இராது. அதே ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் பதிவு, கணக்கு, கூட்ட அறிக்கை எல்லாம் ஒழுங்காக இருக்கும். செய்வதற்குப் புதிய வேலைதான் தேடிக்கொண்டிருப்பார்கள். நிதி கொடுக்கும் பெரும்பாலான இடங்கள் தனியாளுக்குக் காசு அனுப்புவதில்லை, பதிவுள்ள அமைப்புக்கே அனுப்பும். ஆகவே இரு தரப்பும் சேர வேண்டியிருக்கிறது. அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் கம்படித்து ஆடும் பொல்லடிக் குழுவுக்கும், மருதமுனை நெசவாளருக்கும், பன்பாய் இழைக்கும் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

இப்படிச் சேர்ந்தவர்கள் காசு கிடைக்காததால் பிரிவதை விட, கிடைத்த பிறகு பிரிவதே அதிகம். அதனால் விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் உடன்பாட்டுக் கடிதம்

இரண்டு பக்கம் போதும். தமிழில் எழுதுங்கள், இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். அதைச் சங்கப் பொதுக்கூட்டத்தில் வாசித்துத் தீர்மானமாகப் பதியுங்கள். தலைவரும் கலைஞரும் மட்டும் பேசி முடித்த உடன்பாடு, அடுத்த வருடம் நிர்வாக சபை மாறியதும் செல்லாக்காசாகிவிடும்.

கலைஞருக்கு எவ்வளவு, எந்தத் திகதிகளில் என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். "ஊருக்காகத்தானே பழக்குகிறார், காசு எதற்கு" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். அந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது. தட்சணை, வேட்டி சால்வை மரியாதை வேறு. உழைப்புக்கான கொடுப்பனவு வேறு. மரியாதைச் செலவைச் சங்கம் தன் கையிலிருந்து செய்யலாம், ஏனெனில் அன்பளிப்பு என்ற செலவினத்தைப் பல நிதியங்கள் ஏற்பதில்லை. கேட்ட தொகையில் பாதிதான் கிடைத்தால் எதைக் குறைப்பது என்பதையும் இப்போதே எழுதுங்கள். எழுதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது கலைஞரின் கொடுப்பனவுதான், பந்தலும் பதாகையும் தப்பிவிடும்.

அடுத்தது சொத்து. நிதியில் வாங்கிய மத்தளம், சதங்கை, உடுப்பு எல்லாம் திட்டம் முடிந்தபின் யாரிடம் இருக்கும்? சங்கத்தின் பொருட்பதிவேட்டில் ஏற்றி, கலைஞர் எப்போதும் கட்டணமின்றிப் பாவிக்கலாம் என்று எழுதுவது பல ஊர்களுக்குப் பொருந்தும். சங்க அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் மத்தளத்தின் தோல் ஒரு மாரி தாங்காது. ஆகவே சாவி யாரிடம் என்பதும் கடிதத்தில் வரட்டும்.

மூன்றாவது ஏடும் ஒளிப்பதிவும். ஏட்டைத் தட்டச்சுச் செய்தால் அதன் பிரதி எங்கே போகும், காணொளியை இணையத்தில் ஏற்றலாமா, அதில் வருமானம் வந்தால் யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகைக் கலைஞரின் உரிமையையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் ஏற்றுக்கொள்கிறது. நிதி தந்தவரின் ஒப்பந்தத்தில் "பதிவுகள் அனைத்தும் எமக்கே" என்று ஒரு வரி இருந்தால் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பலர் திருத்துவார்கள். பொதுவாக யாரும் கேட்பதில்லை.

பறைமேளக் கலைஞரோடு சேர்வதானால் கூடுதல் கவனம் வேண்டும். மேடையில் ஏற்றுவதையே பெரிய உபகாரமாகக் காட்டும் திட்டங்களை அவர்கள் நிறையக் கண்டிருக்கிறார்கள். எங்கு, எந்தச் சூழலில் அடிப்பது, படம் எடுக்கலாமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். மிருதங்கக் கலைஞருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவோ அதே தொகையைப் பாதீட்டில் போடுங்கள். அவர்களுக்குச் சொந்தச் சங்கம் இருந்தால் விண்ணப்பத்தில் முதற்பெயர் அதுவாகவே இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது

பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். அரச உதவிகள், கலைஞர் விருதுகள், போட்டிகள் பற்றிய அறிவித்தல் அவர் மேசைக்கு வந்துதான் கீழே இறங்கும். குழுவை அவரிடமுள்ள பட்டியலில் சேர்த்துவிட்டால், பிற்பாடு வெளி நிதிக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்குவதும் இலேசு. கொழும்பில் கலாசார அலுவல்கள் திணைக்களமும், இந்து சமய, முஸ்லிம் சமயத் திணைக்களங்களும், மாகாணத்தில் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் இருக்கின்றன. அரச காசு டிசம்பர் 31க்குள் செலவாகிக் கணக்கு மூடப்பட வேண்டும். அது கைக்கு வருவதோ பெரும்பாலும் வருடக் கடைசியில், சரியாக அடைமழைக்குள். அதைப் பயிற்சிக்கும் அரங்கேற்றத்துக்கும் நம்பாமல் வாத்தியம், உடுப்பு வாங்கக் கேட்பதே புத்தி.

உள்நாட்டில் நீலன் திருச்செல்வம் நம்பிக்கை நிதியம் சிறிய அமைப்புகளின் சமூக வேலைகளுக்கு நிதி தருகிறது. தூதரகப் பக்கத்தில் கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியமும், அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் உண்டு. பிரிட்டிஷ் கவுன்சிலும் ஜெர்மனியின் பண்பாட்டு அமைப்பான கோத்தே நிறுவனமும் அவ்வப்போது கலை சார்ந்த அழைப்புகளை வெளியிடும். அழைப்பு எப்போது திறக்கிறது, எவ்வளவு தொகை என்பது வருடத்துக்கு வருடம் மாறும். சென்ற வருடப் படிவத்தை நிரப்பி அனுப்பாதீர்கள்.

தூதரக நிதிகள் கலைக்கென்று ஒதுக்கியவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. பெண்கள், இளையோர், இன நல்லுறவு, சுற்றுச்சூழல் போன்ற நோக்கங்களை அறிவித்துத்தான் அழைப்பு விடுவார்கள். "கூத்து அழிகிறது, காப்பாற்றுங்கள்" என்ற வாதம் அங்கே எடுபடாது. பாடசாலையை விட்டு விலகிய இளைஞர் 15 பேர் வாரம் இரண்டு இரவு ஒரு களரியில் (கூத்தாடும் வட்ட அரங்கில்) கூடுவதால் என்ன நடக்கிறது என்று காட்டினால் எடுபடும். அதற்காகக் கூத்தை டெங்கு ஒழிப்புப் பிரசாரமாக மாற்ற வேண்டியதில்லை. விழிப்புணர்வு நாடகம் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்யலாம். கூத்துக்குள் அதைத் திணித்தால் அண்ணாவியாரும் மனம் வைக்கமாட்டார், ஊரும் உட்கார்ந்து பார்க்காது.

பத்திரங்களும் வங்கியும்

பதிவுச் சான்றிதழ், யாப்பு, நிர்வாக சபை விபரம், கணக்காய்வு செய்த கடந்த இரண்டு வருடக் கணக்கறிக்கை, வங்கிக் கூற்று, இந்தத் திட்டத்துக்கான கூட்டத் தீர்மானம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, ஒவ்வொன்றையும் வருடி (ஸ்கேன் செய்து) ஒரு மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதி எடுக்கும் அமைப்பிடம் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவைச் சில நிதியங்கள் கேட்கும். அது இல்லாத கிராமச் சங்கம், அப்பதிவுள்ள மாவட்ட அமைப்பொன்றை நிதி பொறுப்பேற்பவராகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அவர்களுக்கு எத்தனை வீதம் நிர்வாகச் செலவு என்பதை முன்பே பேசுங்கள். 10 வீதத்துக்கு மேல் கேட்டால், என்ன வேலைக்கு என்று கேளுங்கள்.

வங்கியில் மூன்று இடத்தில் சிக்கும். ஒன்று, நீண்டகாலம் கொடுக்கல் வாங்கல் இல்லாத சங்கக் கணக்கு செயலிழந்திருக்கும். இரண்டு, பொதுக்கூட்டத்தில் பொருளாளர் மாறியிருப்பார், வங்கியில் பழைய பொருளாளரின் கையொப்பமே இருக்கும். அவரோ இப்போது கட்டாரில் இருப்பார். மூன்று, சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டும் வங்கிப் புத்தகத்தில் உள்ளதும் ஓர் எழுத்து வேறுபடும், அனுப்பிய காசு திரும்பிப் போய்விடும். மூன்றையும் விண்ணப்பிக்க முன் சரிசெய்யுங்கள். ஒப்பந்தம் வந்த பிறகு ஓடத் தொடங்கினால், பயிற்சிக்கு ஒதுக்கிய மாதம் அதிலேயே கரைந்துவிடும்.

பாதீடு

இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கிய ஒரு வடமோடிக் கூத்தை (மட்டக்களப்புக் கூத்தின் இரு வகைகளில் ஒன்று), முன்பு ஆடிய பழக்கமுள்ளவர்களையும் புதியவர்களையும் கலந்து, வாரம் இரண்டு இரவாக 24 இரவு பழக்குவதாக வைத்துக்கொள்வோம். விலைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

அண்ணாவியாருக்கு ஓர் இரவுக்கு 4,000 வீதம் 96,000 ரூபாய்.
மத்தளக்காரர், தாளக்காரர் இருவருக்கும் இரவுக்கு 2,000 வீதம் 96,000.
உடுப்பு 12 பேருக்கு, ஆளுக்கு 9,000 வீதம் 108,000.
மத்தளத் தோல் மாற்றலும் சதங்கையும் 30,000.
தேநீர், சிற்றுண்டி 25 பேருக்கு, ஆளுக்கு 120 வீதம் 24 இரவுக்கு 72,000.
போக்குவரத்து 24,000.
அரங்கேற்ற இரவின் களரி, ஒளி, ஒலி, மின்பிறப்பாக்கி 85,000.
ஒளிப்பதிவும் ஏட்டுத் தட்டச்சும் 50,000.
கணக்காய்வு, தொலைபேசி, அச்சு 30,000.

கூட்டினால் 591,000. எதிர்பாராச் செலவுக்கு ஏறத்தாழ 5 வீதமாக 29,000 சேர்த்தால் 620,000.

இதில் தேநீர்ச் செலவைப் பார்த்து மதிப்பிடுபவர் முகம் சுளிப்பார். வெட்ட விடாதீர்கள். கடற்றொழிலோ வயல் வேலையோ முடித்து வரும் ஆள் இரவு பத்தரை வரை ஆடுகிறார். அந்தத் தேநீர் நின்ற கிழமையிலிருந்து வரவு இடாப்பும் மெலியும். "25 பேர், 24 இரவு" என்று பெருக்கலைக் காட்டி எழுதினால் கேள்வி வராது. "உபசரணை 72,000" என்று மொத்தமாக எழுதினால் நிச்சயம் வரும்.

உடுப்பில் ஏமாறுவது சுலபம். வளையம் வைத்து விரிந்து நிற்கும் கரப்புடுப்புக்குத் துணி மட்டும் கணக்கிட்டு, வளையம், ஒட்டுவேலை, கிரீடம், தோளில் அணியும் புயமுடி செய்பவரின் கூலியை விட்டுவிடுவார்கள். அரைவாசி உடுப்பைப் பழையதிலிருந்து புதுப்பித்து, மிகுதியை மட்டும் புதிதாகச் செய்தால் மலிவாகும். உடுப்புச் செய்பவரையும் ஒரு கலைஞராகக் காட்டி, இளையவர் இருவரை அவரிடம் பழக விட்டால் விண்ணப்பத்துக்கும் அது பலம்.

சங்கத்தின் பங்களிப்பையும் காசாக மாற்றிக் காட்டுங்கள். மண்டபம் ஓர் இரவு 1,500 என்றால் 24 இரவுக்கு 36,000. அதோடு கோயில் வெளி, பந்தல் போடும் உழைப்பு, உறவினர் தரும் சமையல். இல்லாததை எழுத வேண்டாம். கள ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்க்க விரும்புவது அந்த மண்டபத்தைத்தான்.

நாணயம் பற்றி ஒன்று. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, ரூபாயில் ஒப்பந்தம் செய்தவர்கள் துணி விலையில் அடிபட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட திட்டமானால் விலை மாற்றத்துக்கேற்ப செலவினங்களுக்கிடையில் 10 வீதம் மாற்றிக்கொள்ளும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள்.

காலமும் தவணையும்

கனடாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், அவுஸ்திரேலியாவினுடையது யூலையில் தொடங்கி யூனில் முடியும். நம் பக்கத்தில் ஐப்பசி தொடக்கம் தை வரை மழை, பெரும்போக விதைப்பு, வெள்ளம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்கள் சிலவற்றுக்கு அந்த நாட்களில் வாகனமே போகாது. மாசி, பங்குனி அறுவடை முடிந்து கை சற்று ஓயும்போது தொடங்கினால் வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தையொட்டி அரங்கேற்றலாம். பொல்லடிக் குழுவோடு செய்வதானால் நோன்பு மாதம் எங்கே விழுகிறது என்று முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். காசு செப்ரெம்பரில் வரும் நிதியமானால், ஏட்டுத் தட்டச்சு, உடுப்பு, பாட்டுப் பழக்கம் என்று கூரைக்குக் கீழ் செய்யும் வேலைகளை மழைக்காலத்துக்கு ஒதுக்கித் திட்டத்தை மாற்றி அடுக்குங்கள்.

தவணை பிரிக்கும்போது கூத்தின் சொந்தக் கட்டங்களையே பயன்படுத்தலாம். ஏட்டைப் பகுத்துப் பாத்திரம் வழங்கும் சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். ஒவ்வொன்றும் ஊர் அறிய நடக்கும் நிகழ்வு. திகதியும் படமும் வரவு இடாப்பும் தானாகவே கிடைக்கும். சட்டம் கொடுக்கும்போது 40 வீதம், சதங்கை அணியும்போது 40, அறிக்கைக்குப் பின் 20 என்று கேட்பது பொருந்தும். கடைசி 20 வீதம் எப்போதும் பிந்தித்தான் வரும். ஆகவே கலைஞரின் கொடுப்பனவு முழுவதும் முதல் இரண்டு தவணைக்குள் அடங்கட்டும்; பிந்தி வரும் பகுதியில் கணக்காய்வும் அச்சும் நிற்கட்டும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொன்னால்: பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவித்தல், பாடசாலை மாணவர் என்றால் வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி, 18 வயதுக்குட்பட்டவரின் படத்துக்குப் பெற்றோர் கையொப்பம், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. விடிய விடிய ஆடும் கூத்தென்றால் எந்த நேரம் வரை என்பதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதி, இரண்டு கிழமை முன்பே கொடுங்கள்.

கணக்கும் அறிக்கையும்

ஊரில் பற்றுச்சீட்டுத் தராத கடைகள்தான் அதிகம். மத்தளத்துக்குத் தோல் கட்டுபவரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் இராது. சங்கமே வவுச்சர் அச்சடித்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை, தொகை, திகதி எழுதிக் கையொப்பம் வாங்கினால் பெரும்பாலான நிதியங்கள் ஏற்கும். ஆனால் எந்தத் தொகை வரை ஏற்கும் என்பதை ஒப்பந்தம் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒலி, ஒளி போன்ற பெரிய செலவுக்கு மூன்று விலைமனு வேண்டும். அண்ணாவியாருக்கு மூன்று விலைமனு கேட்டு வரும் படிவமும் உண்டு; அவர் ஏன் ஒருவரே என்பதை விளக்கி அரைப் பக்கக் குறிப்பு வைத்தால் போதும்.

வவுச்சரை மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதாமல் கொடுத்த அன்றே எழுதுங்கள். ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதிய 24 வவுச்சரை எந்தக் கணக்காய்வாளரும் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். காசு மிஞ்சினால் அவசரமாகப் பதாகை அடித்து முடிக்காமல், நிதியத்துக்கு எழுதி, இன்னொரு ஊரில் ஓர் இரவு ஆட அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பி, அனுப்பிய சீட்டைக் கோப்பில் வையுங்கள். அறிக்கையின் ஒரு பிரதியைத் தமிழில் எழுதி அண்ணாவியாரின் கையில் கொடுங்கள். அடுத்த முறை வேறொரு சங்கத்தோடு சேர்ந்து கேட்கும்போது அவருக்குச் சான்றாக இருப்பது அதுதான்.