கச்சானுக்கும் மாரிக்கும் ஈடுகொடுக்கும் மத்தியதரைப் பாணித் தோட்டம்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பின் கல்லடி, நாவற்குடா தொடங்கித் தெற்கே காரைதீவு, திருக்கோவில் வரையான கரையோரத்தில், வெள்ளைச் சுவரும் வளைவு வாசலும் பீலி ஓட்டுக் கூரையும் கொண்ட மத்தியதரைப் பாணி வீடுகளை இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணலாம். வீட்டைக் கட்டி முடித்தவர்கள் அடுத்ததாகக் கையில் எடுப்பது இத்தாலியிலோ கிரேக்கத்திலோ எடுக்கப்பட்ட ஒரு தோட்டத்தின் படத்தைத்தான். அந்தப் படத்தில் ஒலிவ மரமும் ஊசிபோல் நிமிர்ந்த சைப்ரசும் ஊதா நிறத்தில் லவெண்டரும் இருக்கும். கல்லடியில் வீடு கட்டிய என் மச்சானும் அதையே செய்தார். ஆவணி மாதத்தில் பன்னிரண்டு லவெண்டர் கன்றுகளை வாங்கி வந்து வாசலின் இருபுறமும் வைத்தார். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடித்த நாட்களில் அவை வாடாமல் நின்றதைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்தோம். கார்த்திகை மழை விடாமல் பெய்த இரண்டாவது கிழமையில் அடித்தண்டு கறுத்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது, வேர் ஊறிய வைக்கல்போல் நாறியது. தைப்பொங்கலுக்குப் பன்னிரண்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அச்செடிகளைக் கொன்றது வெயில் அல்ல, ஈரம். மத்தியதரைக் கடற்கரைக்கும் நமது கரைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் கோடை வறண்டது, மழை ஆண்டின் இறுதியை ஒட்டி வருவது. ஆனால் ஏதென்ஸ் நகருக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது ஏறத்தாழ 400 மில்லிமீற்றர் மழை. மட்டக்களப்பில் நவம்பர், டிசம்பர் ஆகிய இரு மாதங்களிலேயே அதைவிடக் கூடுதலாகப் பெய்துவிடும். அங்கே மழை குளிரோடு வருகிறது. இங்கே வெப்பம் தணியாத மண்ணில் நீர் தேங்கிப் பூஞ்சணம் பெருகுகிறது. ஒலிவ மரமோ பூக்க வேண்டுமானால் குளிர்காலம் ஒன்றைக் கண்டாக வேண்டும். இங்கே இலை விடலாம், காய்க்காது. எனவே அந்தத் தோட்டத்தின் அடுக்கையும் நிறத்தையும் வெற்றிடத்தையும் எடுத்துக்கொண்டு, செடிகளை நமது மண்ணிலிருந்தே தெரிவு செய்வதுதான் சரி. இதில் குறையேதும் இல்லை. மத்தியதரைப் படங்களில் சுவரேறிப் பூக்கும் போகன்வில்லாவே தென்னமெரிக்காவிலிருந்து போனது. ஆனைக்கற்றாழை மெக்சிகோவிலிருந்து போனது. அவர்களும் தங்கள் காலநிலைக்கு ஒத்ததை எங்கிருந்தோ எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

செடி வாங்குவதற்கு முன்னர் நீரின் போக்கை ஒரு மாரி முழுவதும் கவனியுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், இரண்டு அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கடற்கரை மணலில் அது நின்று பார்ப்பதற்குள் இறங்கிவிடும்; சம்மாந்துறை, அக்கரைப்பற்றின் வயற்புற மண்ணில் மறுநாள் காலையிலும் தேங்கி நிற்கக்கூடும். முதலாவது மண்ணுக்கு மக்கிய மாட்டெருவும் உமிக்கரியும் கழுவிய தும்புச்சோறும் கலந்து, நீரைப் பிடித்துவைக்கும் தன்மையைக் கூட்ட வேண்டும். தும்புச்சோற்றில் உப்பு இருப்பதால் கழுவாமல் இடக்கூடாது. இரண்டாவது மண்ணில் எரு எவ்வளவு போட்டாலும் போதாது; பாத்தியை ஓர் அடியாவது உயர்த்தி, பருமணல் கலந்து, ஓரத்தில் வடிகால் விட வேண்டும். பீலி ஓட்டுக் கூரையில் மழைநீரை ஏந்தும் தவாளிப்பு பொருத்தாதவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு பீலியிலிருந்தும் விழும் நீர் மாரியில் மண்ணில் வரிசையாகக் குழி பறிக்கும்; அந்தக் கோட்டில் இருக்கும் செடி எதுவும் தப்பாது. சுவரிலிருந்து இரண்டு மூன்று அடிக்குக் கூழாங்கல் பரப்பி, பாத்தியை அதற்கு அப்பால் தொடங்குங்கள்.

கட்டட வேலை முடிந்ததும் மேசன்மார் சீமெந்துக் கழிவையும் சுண்ணாம்பையும் சுவரோரத்திலேயே புதைத்து மேலே மணலைப் பரப்பிவிட்டுப் போவது வழமை. அதைத் தோண்டி அகற்றாமல் வெட்சி நட்டால், சில மாதங்களில் இலை நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிர் மஞ்சளாகும். நோய் என்று எண்ணி மருந்து அடிப்பார்கள். உண்மையில் காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை. சிப்பித்தூள் கலந்த கடல்மணலிலும் இதுவே நடக்கும் என்பதால், கடற்கரை வளவில் வெட்சியைச் சாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி அடுக்கு. மூன்று அடுக்கு வைக்க வேண்டுமானால் பாத்தி எட்டு அடி அகலமாவது இருக்க வேண்டும்; நான்கு அடிதான் இருக்கிறதென்றால் இரண்டு அடுக்கோடு நில்லுங்கள், மூன்றைத் திணித்தால் இரண்டாம் ஆண்டில் பற்றைக்காடாகிவிடும்.

பின்னடுக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். சைப்ரசின் இடத்துக்கு நெட்டிலிங்கம் பொருந்தும். ஐந்தாறு அடி இடைவெளியில் மூன்றையோ ஐந்தையோ ஒரு பக்கமாக நட்டால் போதும், மதில் நீளத்துக்கும் நட்டால் வீடு மடம்போல் தோன்றும். ஈச்சமரக் குடும்பத்தை விரும்புவோர் காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்சைகளைப் பார்த்துவிட்டு வரலாம். இந்தக் கரையில் அவை நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கடலைப் பார்த்த பக்கத்தில் உப்புக்காற்றைத் தாங்கப் பூவரசும் புன்னையும் இருக்கின்றன. ஆனால் பெருமரம் எதையும் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் மரங்கள் கூரைகளின்மேல் சாய்ந்ததைக் கண்ட மூத்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

நடுவடுக்கில்தான் தோட்டத்தின் உயிர் இருக்கிறது. இங்கே நான் முதலில் சொல்வது நொச்சி. கைமருந்துச் செடியென்று வேலியோரத்தில் தள்ளிவைத்திருக்கும் இதை வாசலுக்கு வைக்கச் சொன்னபோது என் மச்சான் சிரித்தார். அருகில் சென்று பாருங்கள்: இலையின் மேற்புறம் மங்கிய பச்சை, காற்று புரட்டும்போது தெரியும் அடிப்புறம் வெள்ளிச் சாம்பல், நுனியில் இளநீல ஊதாக் கதிர், கசக்கினால் மூக்கில் ஏறும் மணம். லவெண்டரிடம் நாம் தேடியவற்றில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. மத்தியதரைக் கரையிலும் இதன் உடன்பிறப்பான ஒரு நொச்சியினம் இயற்கையாகவே வளர்கிறது. மூன்றடி இடைவெளியில் நட்டு, நான்கடி உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டிவந்தால் அடர்ந்த சாம்பல்நிறப் புதராகும்.

நொச்சிக்குத் துணையாக அலரியும் மாதுளையும் வரலாம். இவை இரண்டும் மத்தியதரைத் தோட்டங்களில் தொன்றுதொட்டு இருப்பவை; நமது கோயில் வீதிகளிலும் வளவுகளிலும் இருப்பவையும் அவையே. ஆயினும் அலரியின் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு. சிறுபிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் அதைத் தவிர்த்து வெள்ளைச் செவ்வரத்தையை வையுங்கள்.

முன்னடுக்குக்கு ஒன்றரை அடிக்கு மேல் போகாதவை தேவை. கற்றாழை, கற்பூரவள்ளி, வெள்ளைப் பட்டிப்பூ ஆகியவை போதும். பட்டிப்பூவில் சில மாரியில் அழுகினாலும், விழுந்த விதை மழை ஓய்ந்ததும் தானாக முளைக்கும். ஆனைக்கற்றாழையின் முள் நடைபாதையோரத்துக்கு ஆகாது. அந்த இடத்தில் வாள்போல் நிமிரும் மருளை வைக்கலாம். எந்தச் செடியானாலும் ஒவ்வொன்றாகக் கலந்து நடாமல் ஐந்தோ ஏழோ சேர்த்துக் கூட்டமாக நடுங்கள். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது பாத்திக்கும் பொருந்தும். அந்த அடம்பன்கொடியையே மதிலுக்கு வெளியே கடற்பக்க மணலில் படரவிடலாம். உள்ளே விட்டால் மற்றவற்றை மூடிவிடும். பூ நிறத்தில் வெள்ளை, ஊதா, ஒரு சிவப்பு என்பதோடு கையைக் கட்டிக்கொள்வது மிகவும் கடினம், ஆனால் ஆடம்பர வீட்டுத் தோட்டத்துக்கும் சந்தைக் கன்றுக்கடைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

போகன்வில்லாவை வளைவு வாசலுக்கு மேலே ஏற்றுங்கள், ஆனால் தண்ணீர் காட்டிக் கெடுக்காதீர்கள். நாளும் நீர் பெறும் போகன்வில்லா இலையாகவே வளரும். சற்று வாடவிட்ட செடிதான் பூத்துக் குலுங்கும். மேற்குச் சுவரின் வெள்ளைச் சாயம் வெயிலைத் திருப்பியடிக்கும் இடத்திலும் அது தாங்கும். பெரும்பாலான பிற செடிகள் அவ்விடத்தில் ஆடி மாதத்தில் கருகும்.

புல்தரை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கரையோர மணலில் நன்னீர், உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கோடையில் புல்லுக்கென்று பம்பை நீண்டநேரம் ஓடவிட்டால் உவர் மேலேறும், உங்கள் கிணறு மட்டுமல்ல அயலவரின் கிணறும் கெடும். புல்லுக்குப் பதிலாக, இறுக்கிய கிரவலின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சிறுசல்லி பரப்பி, ஓரத்தைச் செங்கல்லால் கட்டுங்கள். சல்லி கொட்டுவதற்கு முன் கோரைக்கிழங்கை அகற்றியாக வேண்டும்: நிலத்தை நனைத்து முளைக்கவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுத்து, மீண்டும் நனைத்து, இப்படி இரண்டு மாதம் செய்யுங்கள். அழகுக்கென்று முருகைக்கல் தேடிப் போகாதீர்கள். கடலிலிருந்து அதை எடுப்பது சட்டப்படி தடை. நடுமுற்றத்தில் நீரூற்று வைப்பவர்கள் நீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்; மின்சாரம் நின்ற நாட்களுக்காகக் கப்பி மீனும் விடுங்கள், இல்லையேல் நுளம்புக்குத் தொட்டில் கட்டியதாக முடியும்.

நடுவதற்கு ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசி, முதல் மழை மண்ணை நனைத்த பின்னர். அப்போது நட்டவை பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். முதல் கோடையில் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை, மாலையில், ஆழமாக நீர் ஊற்றி, அடியில் வைக்கலோ தென்னோலைத் துண்டுகளோ பரப்பிவைக்க வேண்டும். இரண்டாம் கோடையில் கிழமைக்கு ஒருமுறை போதும், மூன்றாம் கோடையில் நொச்சியும் மருளும் உங்களை எதிர்பார்த்திருக்க மாட்டா. நொச்சி புதிய தளிரில்தான் பூக்கும் என்பதால், ஒவ்வொரு முறை கதிர் உதிர்ந்ததும் கிளையின் மூன்றிலொரு பங்கை வெட்டுங்கள். மழைக்கு முன் வெட்டிய தடிகளை எறியாமல் ஈரமணலில் ஊன்றிவைத்தால், அடுத்த பாத்திக்குக் கன்று வாங்கும் செலவு மிச்சமாகும்.