உங்கள் ஊர்க் கண்மாயை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

கைபேசி வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். சாலை இருக்கும், பெட்ரோல் பங்க் இருக்கும், ஏடிஎம் இருக்கும். கண்மாய் பல ஊர்களில் பெயரில்லாத ஒரு நீலத் திட்டாகத்தான் தெரியும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையும், மிகுநீர் வழியும் கலுங்கும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும் அநேகமாக இருக்காது. ஊர் எதை நம்பிச் சோறு தின்றதோ, அதையே வரைபடம் விட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றின் பரப்பும் புல எண்ணும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் கிடைக்கும். எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாயும், கலுங்கு வழிந்தால் அந்த நீர் ஓடும் மறுகால் எந்த ஊருக்குப் போகும் என்பதெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அந்த அவசரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிவகங்கைப் பக்கத்தில் ஒரு கண்மாயை நான் குறித்த முறையை அப்படியே சொல்கிறேன். ஓர் ஆண்ட்ராய்டு போன், சாதாரண மடிக்கணினி ஒன்று, இரண்டு நாள் காலைப் பொழுது போதும். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

படி 1: போனைத் தயார் செய்யுங்கள்

ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலியை நிறுவி, அதில் தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் டவர் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு சிம் கார்டோ டேட்டாவோ வேண்டாம். செயலியின் செருகுநிரல்களில் பயணப் பதிவு என்பதை இயக்கிவிடுங்கள். நீங்கள் நடக்கும் பாதையை அது கோடாகப் பதியும். பேட்டரி சேமிப்பு முறையை மட்டும் அணைத்துவிடுங்கள். திரை அணைந்ததும் பதிவு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

படி 2: தெரிந்தவரோடு கரையில் நடங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம். இதில் விட்டதைப் பிடிப்பது கடினம்.

தண்ணீர் பாய்ச்சி அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குள் கரையேறுங்கள். கண்மாய்க் கரை பெரும்பாலும் பிறை வடிவில் தாழ்வான பக்கத்தை மட்டும் அணைத்து நிற்கும். மேட்டுப் பக்கம் திறந்திருக்கும், வரத்துக்கால் வந்து சேர்வது அந்தப் பக்கம்தான். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் மடைகள் ஒவ்வொன்றாக வரும், கலுங்கு அநேகமாக முனையை ஒட்டியே இருக்கும்.

ஒவ்வொரு மடையிலும் நின்று, திரையில் நீலப் புள்ளி அடங்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் காட்டும். அடர்ந்த மரத்தடியில் நின்றால் அதைவிடக் கூடுதலாக விலகும், வெளியே இரண்டு எட்டு தள்ளி நின்று குறிக்கலாம். புள்ளியை அழுத்திப் பிடித்து, விருப்ப இடமாகச் சேர்த்து, பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள்.

பெயரை நாமே வைக்கக்கூடாது. நான் இரண்டாவது மடையில் நின்று 'மடை 2' என்று தட்டிக்கொண்டிருந்தேன். கூட வந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி எழுதுறீக?" என்றார். சொன்னேன். "இது புளியமரத்து மடைல்ல" என்றார். சுற்றிலும் பார்த்தேன், புளியமரமே இல்லை. "மரத்த வெட்டி இருவது வருசமாச்சு. பேரு நிக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி, வேர் இருந்த பள்ளத்தைக் காட்டினார். அந்த மடைப் பாசனக்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் முறை கேட்கிறார்களாம். எண் போட்டிருந்தால் என் வரைபடம் அவர்களில் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

ஒவ்வொரு இடத்திலும் நான்கு விஷயங்களைக் குறிப்பில் எழுதுங்கள்: ஊர் வழங்கும் பெயர், இப்போதைய நிலை (கதவு இருக்கிறதா, தூர்ந்திருக்கிறதா), தண்ணீர் போகும் திசை, பார்த்த தேதி. பலர் தேதியை விட்டுவிடுகிறார்கள். தூர்வாரிய பிறகு யாராவது பார்த்தால், எந்த நிலை எப்போதையது என்று தெரியாமல் போய்விடும்.

வரத்துக்கால் நீளமாக இருந்தால் மறுநாள் தனியாக நடங்கள்.

படி 3: கணினியில் ஒன்று சேருங்கள்

கணினியில் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளை நிறுவுங்கள். 2002இல் தொடங்கிய கட்டற்ற திட்டம் இது, அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும்கூடப் பயன்படுத்துகின்றன. முதல்முறை திறந்தால் பட்டன்களைப் பார்த்து மலைப்பாக இருக்கும். நமக்கு அதில் நாலைந்து போதும்.

ஆஸ்மாண்ட் செயலியிலிருந்து விருப்ப இடங்களையும் பாதையையும் ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் பதிவுக்கான வடிவம்) கோப்புகளாக ஏற்றுமதி செய்து, கியூஜிஐஎஸ் திரையில் இழுத்துப் போடுங்கள். உங்கள் மடைகள் புள்ளிகளாகவும், நடந்த கரை கோடாகவும் விரியும். முதல்முறை அதைப் பார்ப்பது நல்ல சந்தோஷம்.

இப்படி ஏற்றிய ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. அடுத்து, அந்த அடுக்கின் மேல் வலது சொடுக்கி, ஜியோபேக்கேஜ் வடிவில் சேமியுங்கள். பல வழிகாட்டிகள் ஷேப்ஃபைல் வடிவத்தைச் சொல்லும். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு அது சரிவராது. ஷேப்ஃபைலின் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கா' 6 பைட், புள்ளி வைத்த 'ண்' 6 பைட். 'மடையின் நிலை' என்று தலைப்பு வைத்தால் முதலிரண்டு எழுத்துக்குள் வெட்டிவிடும். ஷேப்ஃபைல் என்பது மூன்று நான்கு கோப்புகள் சேர்ந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒன்று விட்டுப்போனாலும் சரியாகத் திறக்காது. ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பு. தமிழ்த் தலைப்பு முழுதாக நிற்கும்.

இடங்களை நோட்டில் எழுதி, விரிதாளில் தட்டச்சு செய்து சிஎஸ்வி கோப்பாகக் கொண்டுவருகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 வகையைத் தேர்வு செய்யாவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும். இரண்டாவது, எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. பேச்சில் நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் கை தானாக மாற்றிப் போடும். நானும் மாற்றிப் போட்டேன். அட்சரேகை 9.85, தீர்க்கரேகை 78.48 என்று இருக்க வேண்டிய சிவகங்கைப் பக்கத்துப் புள்ளிகள், வடதுருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழுந்தன. மூன்று மணி நேரம் புள்ளிகளைத் திரையில் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. உங்கள் புள்ளிகள் காணாமல் போனால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் என்பதே தரையில் ஏறத்தாழ 1 மீட்டர்.

படி 4: பரப்பளவு பார்க்க வேண்டுமென்றால்

பாகைக் கணக்கில் ஏக்கர் வராது. கண்மாய் எல்லையை மூடிய வடிவமாக வரைந்த அடுக்கை, மீட்டர் கணக்குள்ள ஆயமுறைக்கு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) மாற்றிச் சேமிக்க வேண்டும். 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள மதுரை, சிவகங்கை, திருச்சி, தஞ்சாவூர், சென்னை, யாழ்ப்பாணத்துக்கு யூடிஎம் என்ற ஆயமுறையின் 44 வடக்கு மண்டலம் (எண் 32644). மேற்கே உள்ள கோயம்புத்தூர், தேனி, திருநெல்வேலிக்கு 43 வடக்கு (எண் 32643). கிடைக்கும் சதுர மீட்டரை 4,047ஆல் வகுத்தால் ஏக்கர்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆக்கிரமிப்பு என்று மனு எழுதிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிலோமீட்டர் நீள எல்லை 5 மீட்டர் தள்ளி விழுந்தால் 5,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் ஏக்கர். போன் காட்டும் பிழையே அவ்வளவு. எல்லைச் சண்டைக்குப் புலப்படமும் சர்வேயரின் அளவையும்தான் சாட்சி. நம் வரைபடம் எங்கே அளக்கச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டும், அத்தோடு சரி.

படி 5: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள்

2004இல் தொடங்கிய இந்த வரைபடத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொன்னால் போதும். அதன் தரவை மேம்படுத்தித் தரவுத்தளமாக வெளியிடுகிறவர்கள் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நீர் சூழ்ந்த தெருக்களை மக்கள் குறித்த வரைபடமும் இதன் மேல்தான் எழுந்தது. ஏற்கெனவே தெருக்கள் வரையப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

கணக்குத் தொடங்கி, தொகு பொத்தானை அழுத்தினால் பின்னால் செயற்கைக்கோள் படம் வரும். உங்கள் ஜிபிஎக்ஸ் கோப்பை அதன் மேல் இழுத்துப் போடுங்கள். நடந்த கோடும் படத்தில் தெரியும் கரையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விலகியிருந்தால் பின்புலப் படத்தை நகர்த்திச் சரிசெய்துகொண்டு வரையுங்கள்.

படத்தில் தெரியும் தண்ணீரை நம்பி விளிம்பு வரையாதீர்கள். கோடையில் எடுத்த படமென்றால் கண்மாய்க்குள் பாதி கருவேலங்காடு தெரியும், மழைக்குப் பிறகு எடுத்ததென்றால் மேட்டு வயல்வரை நீர் நிற்கும். கரைப் பக்கம் கரையையே எல்லையாக வையுங்கள். மேட்டுப் பக்கம், கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று ஊராரைக் கேட்டு வரையுங்கள். பருவகாலத்தில் மட்டும் நீர் நிற்கும் என்று பண்பில் குறித்துவிடலாம். வாய்க்காலை எப்போதும் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். தலைகீழாக வரைந்தால் வரைபடத்தில் தண்ணீர் மேடேறும். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் கிடைக்கும், தவறாமல் நிரப்புங்கள்.

கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் நகலெடுத்து இங்கே போடக்கூடாது. உரிமம் அனுமதிக்காது, தெரிந்தால் நீக்கிவிடுவார்கள். நீங்கள் நடந்து பார்த்தது, ஊரில் கேட்டது, தொகுப்பானுக்குள்ளேயே வரும் பின்புலப் படம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. வயல் யாருடையது, மடை காவலுக்கு யார், அவர் போன் எண் என்ன என்பதெல்லாம் பொது வரைபடத்தில் ஏறக்கூடாது. ஊர் நோட்டில் இருக்கட்டும்.

படி 6: ஊரோடு பகிருங்கள்

உங்கள் அடுக்கை கியூஜிஐஎஸ்ஸில் ஜியோஜேசன் வடிவில் சேமித்து, யூமேப் (uMap) என்ற இணைய வரைபடத் தளத்தில் பதிவேற்றினால் ஓர் இணைப்பு கிடைக்கும். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், தொட்டவுடன் மடைப் பெயரும் நிலையும் தெரியும். கணக்கில்லாமல் செய்தால் தொகுப்பதற்கென்று தனி ரகசிய இணைப்பு வரும், அதை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் பார்க்காதவர்களுக்கு ஏ3 தாளில் பெரிய எழுத்தில் அச்செடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராமசபைக்கு எடுத்துப் போவது பொருத்தம். தாளை மேசையில் விரித்து, பக்கத்தில் இரண்டு பேனா வையுங்கள். நான் விரித்தபோது பத்து நிமிடத்தில் மூன்று திருத்தம் வந்தது. மேட்டில் தூர்ந்துபோன ஒரு வரத்துக்காலை ஒரு அம்மா தன் விரலால் கோடிழுத்துக் காட்டினார். மறுநாள் அதையும் போய் நடந்து சேர்த்தேன்.

கண்மாய்கள் சங்கிலியாகக் கோத்தவை. உங்கள் கலுங்கு வழிந்தால் அந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத்தான் போகும். அதனால் ஜியோபேக்கேஜ் கோப்பை அந்த ஊரில் ஆர்வமுள்ள ஒருவருக்கு அனுப்புங்கள். உங்கள் மறுகால் முடியும் புள்ளியில் அவர் நடக்கத் தொடங்கட்டும்.