டிரஸ்ட் பதியப் போகிறீர்களா? முதலில் பத்திரத்தைப் படியுங்கள்

நாலு பேர் சேர்ந்து ஊருக்கு நல்லது செய்ய அறக்கட்டளை தொடங்குகிறோம் என்று வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாதிப் பேர் பத்திரம் பதிந்த பிறகுதான் வருகிறார்கள். பான், முகவரிச் சான்று போன்றவை இல்லையென்றால் அலுவலகத்திலேயே கேட்டுவிடுவார்கள், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பதிந்த பிறகு தலைவலி தரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தவர் பத்திரத்தைப் பார்த்து எழுதுவது

இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. தெரிந்தவரின் டிரஸ்ட் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிப் பதிந்துவிடுகிறார்கள். அண்மையில் வந்த குழு ஒன்று மாலையில் இலவச டியூஷன் நடத்துகிறது. எந்தப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். நோக்கங்களில் மூன்றாவது: "நமது சமுதாய மாணவர்களின் கல்வி முன்னேற்றத்திற்கு உதவுதல்." ஏதோ ஒரு சாதி அறக்கட்டளையின் பத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரி. கையெழுத்துப் போட்ட யாரும் அதைப் படிக்கவில்லை.

கல்வி, மருத்துவம் போன்ற தொண்டுக்காக 1962 ஏப்ரல் 1-க்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளை, ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தவருக்கோ என்று இருந்தால் வருமான வரி விலக்கு கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கென்று இருந்தால் இந்தத் தடை இல்லை. ஒரு சாதிக்கென்று எழுதிவிட்டால், நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதியும் கை நழுவும்; பெரிய தொகை தருபவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

சரி, திருத்திப் பதிந்தால் போச்சு என்பார்கள். அவ்வளவு லேசு இல்லை. பொது அறக்கட்டளை உருவான பிறகு நிறுவியவரே நினைத்தாலும் நோக்கத்தை மாற்ற முடியாது. திருத்தும் அதிகாரம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போக வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க வைத்திருந்த பணம் இப்போது வக்கீலுக்குப் போகிறது.

கையெழுத்துக்கு முன் அறங்காவலர்கள் எல்லாரும் உட்காருங்கள். ஒருவர் முழுப் பத்திரத்தையும் வாய்விட்டுப் படிக்கட்டும். திருத்த அதிகாரம் இருக்கிறதா, டிரஸ்டை ரத்து செய்ய முடியாது என்று இருக்கிறதா, கலைத்தால் சொத்து நிறுவியவருக்குத் திரும்பாமல் அதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போகுமா, இவற்றைக் கட்டாயம் பாருங்கள்.

சங்கத்துக்கு ஆள் இரவல் வாங்குவது

அறக்கட்டளையாக இல்லாமல் சங்கமாகப் பதிவதென்றால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பெயருக்கு ஆள் சேர்க்காதீர்கள்; பொதுக்குழுவுக்கு வருகிற 7 பேராக இருக்கட்டும்.

வரிப் பதிவு வந்ததும் கோப்பை மூடுவது

வரி விலக்குக்காக வருமான வரித் துறையிடமிருந்து முதலில் வருவது தற்காலிகப் பதிவு; ஆயுள் 3 ஆண்டு. பணி தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது காலம் முடிய 6 மாதம் இருக்கும்போதே, எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கான அடுத்த விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம்

இந்தியக் குடிமகனாகவே துபாயில் வேலை பார்க்கும் தம்பி, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைகளுக்கான சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. கணக்கு எண் கொடுக்கும் முன்பே, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள்.