எரிக்சனும் பியாஜேயும் உங்கள் பிள்ளைப்பருவமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வி டிப்ளோமா படிக்கிற ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் எப்படியும் ஒரு தடவை இந்த ஒப்படை வந்துவிடும்: வளர்ச்சி உளவியல் கோட்பாடு ஒன்றை எடுத்து உங்கள் சொந்த வாழ்க்கையோடு பொருத்தி எழுதுக. திருகோணமலையில் அப்படி எழுதப்பட்டவற்றை வருடக்கணக்கில் வாசித்து வருகிறேன். உவர்மலையில் வளர்ந்தவர், மூதூரில் வளர்ந்தவர், நிலாவெளிக் கரையில் வளர்ந்தவர் எல்லாரும் எழுதியது பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும். வாழ்ந்தது வேறு வேறாக இருந்தும் கோட்பாட்டைக் கையாண்ட விதம் ஒன்றாகிவிடுகிறது. ஒப்படை எதுவும் இல்லாமல், தன்னைப் புரிந்துகொள்வதற்காக வாசிக்கிறவர்கள் தடுக்கி விழுவதும் இதே இடங்களில்தான்.

வயதுக் கணக்கில் தொடங்குவோம். உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன், பிறப்பு முதல் முதுமை வரையான வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு எதிரெதிர்ப் பண்புகளுக்கு இடையில் ஓர் இழுபறி உண்டு என்று 1950இல் முன்வைத்தார். அந்தப் பருவங்களைப் பலர் தடுப்பூசி அட்டை மாதிரி வாசிக்கிறார்கள். இத்தனை வயதில் இது, போட்டாயிற்று, அடுத்தது. "கட்டிளமைப் பருவத்தில் அடையாளம் உருவாகும். நான் உயர் தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்தேன். எனவே என் அடையாளம் உருவாகிவிட்டது." தெரிவுசெய்தது யார் என்ற கேள்வியே வராது. அப்பாவா, ரியூசன் மாஸ்டரா, சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த ஏ சித்தியா? எரிக்சனின் கருத்தை 1966இல் விரித்த ஜேம்ஸ் மார்சியா, தானாகத் தேடிப் பார்க்காமல் மற்றவர்கள் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்வதைத் தனி நிலையாகப் பிரித்துக் காட்டினார். வெளியே இருந்து பார்த்தால் அதுவும் உறுதியான அடையாளம் போலத்தான் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. பட்டம் முடித்து, நியமனத்துக்காகக் காத்திருந்து, 27 வயதிலும் வீட்டில் இருக்கிற ஒருவர் தனக்கு 'அடையாளக் குழப்பம்' என்று எழுதிவிடுகிறார். நியமனம் வராததற்கு எரிக்சன் என்ன செய்வார்? அவரே இருபதுகளின் நடுப்பகுதி வரை ஓவியராக ஐரோப்பாவில் அலைந்து திரிந்தவர். 1927இல் வியன்னாவுக்குப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போன பிறகுதான் உளப்பகுப்பாய்வின் பக்கமே வந்தார்.

பருவங்களைப் பாஸ், பெயில் என்று பிரிப்பதும் இதன் தொடர்ச்சிதான். நம்மூரில் இது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வந்து நிற்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் ஊக்கத்தோடு உழைக்கும் பண்பைப் பெற்றவர், இரண்டு புள்ளியில் தவறியவர் ஆயுளுக்கும் தாழ்வுணர்ச்சிக்காரர்! எரிக்சன் சொன்னது இரண்டுக்கும் இடையிலான சமநிலையை. கொஞ்சம் அவநம்பிக்கைகூட ஒரு பிள்ளைக்கு வேண்டும் என்பது அவருடைய கருத்து. அந்த வயதில் உங்களுக்கு எது கைவந்தது என்று யோசித்துப் பாருங்கள். சின்னம்மாவின் கடையில் மிச்சக்காசு எண்ணிக் கொடுத்ததா, மாமாவோடு இருந்து வலையில் அறுந்த கண்ணைக் கட்டிப் பழகியதா? ஒப்படைகளில் இவை வருவதே இல்லை. பரீட்சைதான் வருகிறது.

அடுத்தது ஞாபகம். எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிற தவறு இதில்தான் இருக்கிறது. இந்தக் கோட்பாடுகளில் பாதி, முதல் இரண்டு மூன்று வயதைப் பற்றிப் பேசுகின்றன. பெரும்பாலானவர்களின் மிக முந்திய நினைவோ மூன்று, மூன்றரை வயதளவில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதாக நாம் 'ஞாபகம்' என்று எழுதுவதில் அதிகம் அம்மா சொன்னது, அல்பத்தில் பார்த்தது, யாரோ வீடியோவில் காட்டியது.

ஓர் ஒப்படையில் 2004 சுனாமி வந்திருந்தது. முன்பள்ளிக்குப் போகிற வழியில், தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடல் உள்ளே வாங்கியதைப் பார்த்ததாக எழுதியிருந்தார். அப்போது அவருக்கு மூன்றரை வயது. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. முன்பள்ளி நடந்திருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. வேறொரு நாளின் தண்ணீர்ப் போத்தல் இந்த நாளோடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். பயம் உண்மையானதாகவே இருக்கும், வீட்டுக்காரர் ஓடியதும் உண்மை. ஆனால் அந்தக் காட்சியை அத்திவாரமாக வைத்து, எரிக்சனின் முதல் பருவமான 'நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை' பற்றி மூன்று பக்கம் கட்டினால் அது நிற்காது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேக்கே நடந்ததுதான். குழந்தையாக இருந்தபோது பாரிஸில் தன்னை ஒருவன் கடத்த முயன்றதையும், தாதி போராடிக் காப்பாற்றியதையும், அவள் முகத்தில் இருந்த கீறல்களையும் அவர் தெளிவாக ஞாபகம் வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயதளவில் அந்தத் தாதியிடமிருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. எல்லாம் தான் இட்டுக்கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாக வாங்கிய கைக்கடிகாரத்தையும் திருப்பி அனுப்பியிருந்தாள். வீட்டார் சொல்லச் சொல்லக் கேட்ட கதை பியாஜேயின் மனதில் கண்ணால் கண்ட காட்சியாகிவிட்டிருந்தது. எலிசபெத் லொஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை 24 பேரிடம் கொடுத்தபோது 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ 'ஞாபகப்படுத்தினார்கள்'.

ஆகவே எழுதும்போது, நானே நினைவில் வைத்திருப்பது எது, எனக்குச் சொல்லப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். அம்மம்மா இருந்தால் அவரிடம் ஒரு தடவை, பெரியம்மாவிடம் தனியாக ஒரு தடவை கேளுங்கள். இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒரு கதைதான் கிடைக்கும்.

சரி, பற்றுக் கோட்பாடு. குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றியது அது. இப்போது யூடியூப்பில் பத்துக் கேள்விக்கு விடை சொன்னால் நீங்கள் 'தவிர்க்கும் வகை', அதாவது நெருக்கத்தைத் தவிர்க்கிறவர், என்று முடிவு வந்துவிடுகிறது. உடனே, அம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனதுதான் காரணம் என்று தீர்ப்பும் எழுதியாகிவிடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் அப்படி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மேரி எய்ன்ஸ்வர்த் அந்த வகைகளைப் பிரித்தது ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை நேரில் அவதானித்து. தாய் அறையை விட்டுப் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, அவள் திரும்பி வந்ததும் அது என்ன செய்தது என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார். 27 வயதில் உங்களுக்குத் தொலைபேசியில் பேசப் பிடிக்காது என்பதிலிருந்து அந்த அறைக்குத் திரும்பிப் போக வழியில்லை. அம்மா போன பிறகு தூக்கி வளர்த்த அம்மம்மாவும் சின்னம்மாவும் இந்தக் கணக்கில் எங்கே? ஹவாயின் கவாயி தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மிகக் கஷ்டமான சூழலில் பிறந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் நல்லபடியாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பாசமான பெரியவர் ஒருவராவது இருந்தார், பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

காலம் செய்ததை வீட்டார் தலையில் போடுவதும் நடக்கிறது. "அப்பா கண்டிப்பானவர், வெளியே விளையாட விடமாட்டார், அதனால் என் முன்முயற்சி குன்றியது." எந்த வருடம்? ஊரடங்கு போட்டிருந்த வருடமென்றால் எந்த அப்பாதான் விட்டிருப்பார்? 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த ஒரு வீட்டை எடுங்கள். அக்காவுக்குப் பதின்மூன்று, தம்பிக்கு மூன்று. நடந்தது ஒன்றுதான், ஆனால் இரண்டு பேரின் பிள்ளைப்பருவமும் ஒன்றல்ல. கிளென் எல்டர் 1930களின் அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சியில் வளர்ந்தவர்களிடம் இதைக் கண்டார். 1920, 21இல் பிறந்தவர்கள் வீட்டுக்காக வேலைக்குப் போகும் வயதில் இருந்தார்கள். 1928, 29இல் பிறந்த ஆண் பிள்ளைகள்தான் கூடுதலாக அடிபட்டிருந்தார்கள். பருவ அட்டவணைக்குப் பக்கத்தில் ஆண்டுகளையும் எழுதி வைத்தால் பல குற்றச்சாட்டுகள் தாமாகவே இடம் மாறும்.

பியாஜே விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. சிந்தனை வளர்ச்சிக்கு அவர் பிரித்த நிலைகள் புத்திக்கூர்மைக்குப் போடும் புள்ளிகள் இல்லை. "நான் ஆறு வயதிலேயே அரூபமாகச் சிந்தித்தேன்" என்று எழுதுவது தற்பெருமை மட்டும்தான்.

கடைசியாக, எரிக்சனின் எட்டுப் பருவத் தலைப்பையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம். பொருந்தாத இடம் ஒன்றாவது இருக்கும், அதைப் பூசி மறைக்காமல் எழுதினால் வாசிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அதே வேளை, நிரப்புவதற்காக வீட்டு ரகசியங்களை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அப்பாவின் குடி, அக்காவின் முறிந்த கலியாணம் எல்லாம் அவர்களுடைய விஷயங்கள். திருகோணமலை சின்ன ஊர். பெயரை எடுத்துவிட்டாலும், கோணேசர் கோவில் வீதியில் இன்ன கடை என்று எழுதினால் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்காக யாரும் புள்ளியைக் குறைக்கமாட்டார்கள்.