கெளுத்திக்குப் பரிசல் நிறுத்துவது எப்படி

கெளுத்தி பிடிக்க என்ன இரை நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பரிசலை எங்கே, எப்படி நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. ஆழமில்லாத ஆற்றில் இரை இரண்டாம்பட்சம்தான். நான் குமாரபாளையத்துக்காரன். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்றில்தான் இருப்பேன். இங்கே நான் சொல்வதெல்லாம் பவானிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடும் காவிரியை வைத்துத்தான்.

முதலில் தண்ணீர். வழக்கமாக மேட்டூரில் ஜூன் 12 பாசனத்துக்குத் திறந்து, ஜனவரி 28 மூடுவார்கள். மூடிய பிறகு ஆறு வற்றி, பாறை தலை காட்டும். பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். அந்த மாதங்கள்தான் தோது. ஆனால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. மின்சாரத்துக்காக அவற்றைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால், ஓரத்துப் பாறை கண்ணுக்கு முன்னாலேயே மூழ்கும். கிளம்பும்போது ஒரு பாறையின் ஈரக்கோட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எத்தனை மீன் கடித்தாலும் கரைக்கு வந்துவிடுங்கள். வெள்ள எச்சரிக்கை விட்ட நாளில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். மிதவைச் சட்டை கட்டாயம். நீச்சல் தெரியும் என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கெளுத்தி பகலில் பாறை இடுக்கிலும், கரையோர நீர்மருதின் வேருக்கடியிலும், ஆகாயத்தாமரை நிழலிலும் ஒடுங்கிக் கிடக்கும். பொழுது சாயும்போது வெளியே வந்து அடித்தரையை மீசையால் தடவித் தடவி மேயும். அதனால் மடுவின் நடுவைவிட, மடு முடிந்து மேடாகும் விளிம்புதான் நல்ல இடம். ஓடையோ வாய்க்காலோ வந்து சேரும் வாயும் நல்லது. சாயப்பட்டறைத் தண்ணீர் கலக்கும் வாய் மட்டும் வேண்டாம். அங்கே பிடித்த மீனை நான் தின்ன மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

இனி நிறுத்துவது. பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது, தட்டு மாதிரி சுற்றும். ஒரு கல்லை மட்டும் கட்டிப் போட்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் ஆடும். தூண்டில் நரம்பு கயிற்றில் சுற்றிக்கொள்ளும். இரண்டு கல் வேண்டும். ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ இருக்கட்டும். வெறும் கல்லாகப் போடாமல் சாக்கில் போட்டுக் கட்டுங்கள். பாறையில் இடித்துச் சத்தம் வராது.

பார்த்து வைத்த விளிம்புக்கு மேலே, அதாவது தண்ணீர் வரும் பக்கம், பதினைந்து இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். இரையின் வாசனையைத் தண்ணீரே மீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். விளிம்பின் மீதே மிதந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் ஆசை வரும், வேண்டாம். பக்கவாட்டில் சுற்றி வாருங்கள். இடம் வந்ததும் முதல் கல்லை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் கயிற்றோடு மெதுவாக இறக்குங்கள், எறியக் கூடாது. ஆழத்தைப்போல மூன்று மடங்கு கயிறு விட்டால்தான் கல் இழுபடாமல் பிடிக்கும். பரிசல் நீரோட்டத்தோடு கீழே போய், கயிறு விறைத்ததும், எதிர் விளிம்பிலிருந்து இரண்டாவது கல்லைக் கொஞ்சம் சாய்வாக இறக்கிக் கட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிடும். இரண்டையும் உருவுமுடிச்சாகவே போடுங்கள். தண்ணீர் ஏறினால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். மணல் தரையாக இருந்தால் இரண்டாவது கல்லுக்குப் பதில் மூங்கில் ஊன்றினாலும் போதும்.

நின்ற பிறகு ஒரு பீடி நேரம் சும்மா உட்காருங்கள். தண்ணீர் மூன்று நாலடிதான் என்பதால் பரிசலின் மூங்கில் பட்டையில் கால் தட்டும் அதிர்வு நேராகத் தரைக்குப் போகும். எனக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பரிசல்கார அண்ணன் அடிக்கடி சொல்வார்: "பரிசல்ல வாய் பேசலாங்க தம்பி, காலு பேசக்கூடாது." அடியில் பழைய சாக்கு ஒன்றை மடித்து விரித்துக்கொண்டால் காலுக்கும் சுகம்.

தூண்டில் பெரிய விஷயமில்லை. பரிசலில் நீளக் கம்பு இடைஞ்சல். நான் தறிக்கு நூல் சுற்றும் பழைய மரத் தார்க்குச்சியில் நரம்பைச் சுற்றி வைத்துக் கையாலேயே போடுகிறேன். கெளுத்திக்கு 0.30 மி.மீ. நரம்பு, 8ஆம் நம்பர் தூண்டில் முள். ஓட்டை ஈயத்தை நரம்பில் கோத்து, முள்ளிலிருந்து ஒரு அடி மேலே ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். மீன் இழுக்கும்போது ஈயம் தரையிலேயே கிடக்கும், நரம்பு மட்டும் ஓடும். கனம் தெரியாததால் மீன் துப்பாது. வாளைக்கு ஆசைப்பட்டால் 0.50 நரம்பும் பெரிய முள்ளும் வேண்டும். அதன் பல் கூர்மை, வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

இரைக்கு மண்புழு எப்போதும் நல்லது. வால் அரை அங்குலம் தொங்குமாறு கோருங்கள். கோழிக்குடலாக இருந்தால் கழுவ வேண்டாம். உப்புப் போட்டு நிழலில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுகும், முள்ளிலிருந்து நழுவாது. கையில் சோப்பு வாசனையோ பெட்ரோல் வாசனையோ இருந்தால் ஆற்று மண்ணைப் போட்டுத் தேய்த்துவிட்டு இரையைத் தொடுங்கள்.

நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கிப் பிடியுங்கள். டொக், டொக் என்று தட்டும், அப்போது இழுக்காதீர்கள். நரம்பு விரலைவிட்டு நழுவி ஒரே பக்கமாகப் போக ஆரம்பித்ததும் மெல்ல இறுக்கினால் போதும். ரொம்ப நேரம் விட்டால் முள்ளை வயிற்றுவரை விழுங்கிவிடும்.

மீன் மேலே வந்ததும்தான் நிறையப் பேர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். முதுகில் ஒன்று, செவுள் பக்கம் இரண்டு, ஆக மூன்று முள். பயந்ததும் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். கிர்ர் என்று ஒரு சத்தமும் வரும். பக்கத்து முள் அதன் குழியில் உரசுகிற சத்தம் அது. ஈரத்துணியை வயிற்றுப்பக்கமாகக் கொடுத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பக்கத்து முட்களுக்குப் பின்னால் இரு புறமும் அணைத்து, தலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இப்படிப் பிடித்தால் முள் கையில் ஏறாது. கொறடால் தூண்டில் முள்ளைச் சுழற்றி எடுங்கள். உள்ளே போயிருந்தால் நரம்பை அறுத்துவிட்டு, சமைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

குத்திவிட்டால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் அரை மணி நேரமாவது முக்கி வையுங்கள். விஷம் சூட்டில் முறியும், வலி குறையும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது டீக்கு மட்டுமல்ல. தேளி மீன் குத்தினால் வலி பல மடங்கு. வீக்கம் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சினை வயிற்றோடு வருவதைத் திரும்ப விட்டுவிடுகிறேன். கறுத்த பெரிய தட்டைத் தலை ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் மட்டும் விடுவதில்லை. இந்தியாவில் அதை வளர்க்கவே தடை. குட்டையிலிருந்து தப்பி வந்து நாட்டு மீனையெல்லாம் தின்கிறது.

கரைக்கு வந்ததும் மீனைக் கல்லுப்பும் புளியும் போட்டு உரசினால் வழவழப்புப் போகும். பரிசலைக் கவிழ்த்து வைக்கும் முன் அடிப்பட்டையில் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். விழுந்த தூண்டில் முள் அங்கேயே கிடந்தால் தார் பூசிய சாக்கைக் கிழிக்கும், இல்லையென்றால் அடுத்து ஏறுபவரின் முழங்காலில் ஏறும்.