பெங்களூருவிலிருந்து போஸ்ட்டாக் தேடுவது எப்படி?

போஸ்ட்டாக் என்பது பிஎச்டிக்குப் பிறகு ஒரு லேபில் சில காலம் செய்யும் ஆராய்ச்சி வேலை. பிஎச்டி தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டுத் தேடலாம் என்று இருந்தால் ஓராண்டு வீணாகும். ஃபெலோஷிப்புக்கு (ஆராய்ச்சி உதவித்தொகை) விண்ணப்பம் எழுதுவதில் தொடங்கி லேபில் போய்ச் சேரும்வரை எட்டு, பத்து மாதம் ஓடிவிடும். சமர்ப்பிக்கப் போகும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில் தகுதிக்காலம்

பட்டம் வாங்கிய நாளிலிருந்தே இது கரைய ஆரம்பிக்கும். ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் பட்டத்துக்குப் பின் 8 ஆண்டு ஆராய்ச்சி அனுபவம் வரை இடமுண்டு. ஆனால் போகவிருக்கும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. முன்பு எஸ்.இ.ஆர்.பி. நடத்தி, இப்போது மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். நடத்தும் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு.

2. லேப் பட்டியல்

பதினைந்து லேப் போதும். ஒவ்வொன்றிலும் கடந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளைப் படியுங்கள். அங்கே முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். விளம்பரம் சொல்லாததை அது சொல்லும். பெங்களூருவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: இந்திய அறிவியல் கழகம், என்.சி.பி.எஸ். (உயிரியல் ஆய்வு மையம்), ராமன் ஆராய்ச்சி நிலையம், ஐ.சி.டி.எஸ். (கோட்பாட்டு அறிவியல் மையம்) ஆகிய இடங்களுக்கு வெளிநாட்டு விஞ்ஞானிகள் பேச வருவார்கள். பேச்சு முடிந்ததும் உருப்படியான ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அன்றைக்கே மெயில் போடுங்கள்.

3. மெயில்

பல இடங்கள் விளம்பரத்துக்கு வருவதேயில்லை, பேராசிரியருக்கு நேரடியாக மெயில் போட்டுத்தான் கிடைக்கின்றன. 200 சொல்லுக்குள், மூன்று பத்தி. முதல் பத்தியில் அவருடைய எந்தக் கட்டுரை, அதிலிருந்து நீங்கள் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வீர்கள். இரண்டாவதில் உங்கள் கையில் உள்ள நுட்பம்: "மைக்ரோஸ்கோபி தெரியும்" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது, எந்தக் கருவி, எந்த மாதிரி, என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். மூன்றாவதில் எப்போது சேர முடியும், எந்த ஃபெலோஷிப்புக்குச் சேர்ந்து எழுதலாம். இந்தக் கடைசி வரிதான் பலருக்கும் விட்டுப்போகும். லேபில் பணமில்லாத பேராசிரியரும் பதில் போடுவது அதைப் பார்த்துத்தான்.

"ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அவ்வளவுதான்.

4. ரெஃபரன்ஸ் லெட்டர்

உங்கள் பிஎச்டி கைடோடு சேர்த்து மூவர் எழுத வேண்டும். மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். லெட்டர் கேட்கும் லிங்க் அடிக்கடி ஸ்பேமில் போய் விழும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்பார்கள். மூன்றையும் நீங்களே எழுதினால் நடை ஒன்றாகி மாட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பதில், அவரவரோடு செய்த வேலையை ஐந்து வரிக் குறிப்பாகக் கொடுங்கள்.

5. இந்தியாவிலேயே இருப்பதானால்

இந்திய அறிவியல் கழகத்தின் சி.வி. ராமன் ஃபெலோஷிப், உயிரியல்காரர்களுக்கு டி.பி.டி. (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) தரும் ஆர்.ஏ. (ரிசர்ச் அசோசியேட்) இரண்டையும் பாருங்கள். புராஜெக்ட் ஆர்.ஏ. பதவிக்கு டி.எஸ்.டி. (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) 2023-இல் அறிவித்த விகிதப்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. விளம்பரம் நிறுவனத்தின் பக்கத்தில் சில வாரமே இருக்கும்.

வைவா (பிஎச்டி வாய்மொழித் தேர்வு) முடிந்த கையோடு ப்ரொவிஷனல் (தற்காலிகப் பட்ட) சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுங்கள். அது வராமல் சேர்க்கை தள்ளிப்போவதுண்டு. சேர்ந்த பிறகும் முதல் ஸ்டைபெண்ட் தாமதமாகலாம். பெங்களூரு வீட்டு அட்வான்ஸ் போக, மூன்று மாதச் செலவுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.