லே பாதையில் கார்புரேட்டர் வண்டி: என் அனுபவம்

மணாலியில் (ஏறக்குறைய 2,050 மீட்டர்) ஒழுங்காக ஓடிய 350 சிசி வண்டி, 4,000 மீட்டரைத் தாண்டியதும் திணறியது. சைலன்சரில் கரும்புகை, ஐடிலில் (திராட்டில் தராதபோது) இன்ஜின் அணைந்துவிட்டது. பிளக்கைக் கழற்றினால் விளக்குக்கரி போல உலர்ந்த கரி விரலில் ஒட்டியது. காற்று மெலிந்துவிட்டது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள துண்டு) மட்டும் பழைய அளவிலேயே பெட்ரோல் விடுகிறது. கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆனதுதான் காரணம்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். தூசி அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

அடுத்து நீடில் (திராட்டிலோடு ஏறி இறங்கிப் பெட்ரோல் வழியைத் திறக்கும் ஊசி). அதைத் தாங்கும் ஸ்லைடை வெளியே எடுத்து, நீடிலில் மாட்டியுள்ள கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினேன். நீடில் கீழே இறங்கும், பாதி திராட்டிலில் பெட்ரோல் குறையும். ஏர் ஸ்குரூவை (ஐடில் கலவையின் காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு) அரைச் சுற்று வெளியே திருப்பி, ஐடிலைச் சற்று உயர்த்தினேன். ஸ்குரூ கார்புரேட்டரின் இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்குரூ. அதை உள்ளே திருப்ப வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

முழுத் திராட்டிலில் இன்னும் இழுக்காததால் மெயின் ஜெட்டை 110 அளவிலிருந்து 102.5 அளவுக்கு இறக்கினேன். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்த பிறகே ஜெட்டைக் கழற்றுங்கள். ஜெட்டின் பித்தளை மென்மையானது, பொருந்தாத ஸ்குரூடிரைவர் அதன் தலையிலுள்ள வெட்டைச் சிதைத்துவிடும்.

புகை நின்றது. இழந்த பவர் முழுவதும் திரும்பாது. அது காற்றின் குறை.

இறங்கும்போது மணாலியிலேயே பழைய ஜெட்டையும் கிளிப்பையும் கட்டாயம் திருப்பி மாட்டுங்கள். லீன் (பெட்ரோல் குறைந்த) கலவையில் சமவெளியில் விரட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.